சிலபஸ் என்ற சொல்லோடு எந்தச் சொல் சேரும்?

நீங்கள் கேட்டிருப்பவை இரண்டு கேள்விகள். பாடத்திட்டத்தைப் பற்றி ஆங்கிலத்தில் பேசும்போதும் மின்னஞ்சல் எழுதும்போதும் ‘சிலபஸ்’ என்ற சொல்லோடு எந்த வினைகளும் அடைமொழிகளும் இயல்பாகச் சேரும் என்பது முதலாவது. அதன் பன்மை ‘சிலபை’யா, ‘சிலபஸஸ்’ என்பதா என்பது இரண்டாவது. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவர் என்றும், வரும் ஆகஸ்டில் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் முதுகலைப் படிப்பில் சேரவிருப்பவர் என்றும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவன், அவற்றுள் சில ஆண்டுகள் பாடத்திட்டக் குழுவிலும் இருந்தவன் என்ற முறையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தமிழ்வழியில் படித்தவருக்கு இந்தக் கேள்வியின் அடிப்படை புதியதன்று. பள்ளி இலக்கணத்தில் வினைமரபு என்றொரு பகுதி வந்திருக்கும். கூடையை முடைய வேண்டும், பானையை வனைய வேண்டும், சுவரை எழுப்ப வேண்டும், தயிரைக் கடைய வேண்டும். ‘பானை செய்தான்’ என்று எழுதினால் பொருள் விளங்காமல் போகாது. ஆயினும் ஆசிரியர் அதன்கீழ்ச் சிவப்புக் கோடு இழுப்பார், ஏனெனில் பானை என்ற சொல் வனைதல் என்ற வினையோடுதான் வழிவழியாக வந்திருக்கிறது. ஆங்கிலத்தில் இதற்குக் ‘கொலொக்கேஷன்’ என்று பெயர். டோக்கியோவில் ஆங்கிலக் கற்பித்தல் ஆய்வில் ஈடுபட்டிருந்த ஹரால்ட் பாமர் 1933இல் ஆங்கிலச் சொற்சேர்க்கைகளைத் தொகுத்து ஓர் அறிக்கை வெளியிட்டார். லாகூரில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்து பின்னர் லண்டன் திரும்பிய ஜே. ஆர். ஃபிர்த் 1950களில் அந்தச் சொல்லை மொழியியலின் கலைச்சொல்லாக நிலைநிறுத்தினார்.

வினை மாறினால் பொருளே மாறிவிடும் என்பதற்குப் ‘பாடம்’ என்ற நம் சொல்லே சான்று. ஆசிரியர் பாடம் நடத்துகிறார். உ. வே. சாமிநாதையர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டார் என்கிறோம். அங்கே ‘கேட்டார்’ என்பதற்கு வினவினார் என்று யாரும் பொருள் கொள்வதில்லை. ஒருவர் மற்றொருவருக்குப் பாடம் புகட்டினார் என்றாலோ, அங்கே வகுப்பறையே இல்லை, பழிவாங்கல்தான் இருக்கிறது. தமிழை அரைகுறையாகக் கற்ற ஒரு வெளிநாட்டவர், ‘என் பேராசிரியர் எனக்குப் பாடம் புகட்டினார்’ என்று நன்றியோடு எழுதினால் நமக்கு எப்படி இருக்குமோ, அப்படித்தான் நம் ஆங்கிலத்தில் சில தொடர்கள் அங்கே உள்ளவர்களுக்கு இருக்கும்.

சிலபஸ் என்ற சொல்லின் வினைகள் அது யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து மாறுகின்றன. குழுவின் மேசையில் இருக்கும்போது ஒரு வினை, வகுப்பில் ஆசிரியர் கையில் இருக்கும்போது வேறொரு வினை, தேர்வுக்கு முந்தின இரவு மாணவர் கையில் இருக்கும்போது இன்னொரு வினை. ஆகவே நீளமான பட்டியலை மனப்பாடம் செய்வதை நான் பரிந்துரைப்பதில்லை. இந்த வாக்கியத்தில் பாடத்திட்டத்தை யார் வைத்திருக்கிறார், அதை என்ன செய்கிறார் என்று ஒருமுறை கேட்டுக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

அதற்கு முன்பே தெளிவுபடுத்த வேண்டியது ஒன்று உண்டு. நாம் சிலபஸ் என்று சொல்லும் பொருளும் அமெரிக்கர் சொல்லும் பொருளும் ஒன்றல்ல. இங்கே பாடத்திட்டம் என்பது பாடக்குழு வரைந்து, கல்விக்குழு ஒப்புதல் தந்து, இணைவுபெற்ற கல்லூரிகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக வரும் ஆவணம். பெரும்பாலும் ஒரு தாளுக்கு ஐந்து அலகுகள், கீழே பாடநூல், பார்வைநூல் என்ற அமைப்பு. அண்ணா பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் தங்களை ‘2017 ரெகுலேஷன்’, ‘2021 ரெகுலேஷன்’ என்று குலப்பெயர் போலச் சொல்லிக்கொள்வது இதனால்தான். அங்கே சிலபஸ் என்பது ஒரு பேராசிரியர் ஒரு பருவத்தில் தாம் நடத்தும் ஒரே ஒரு பாடத்துக்குத் தாமே எழுதி முதல் நாள் தரும் ஆவணம். எந்த வாரம் எதைப் படிக்க வேண்டும், மதிப்பெண் எப்படிப் பிரிக்கப்படுகிறது, தாமதமாகத் தந்தால் என்ன ஆகும், பேராசிரியரை எப்போது சந்திக்கலாம் என்பதெல்லாம் அதில் இருக்கும். பிரிட்டனில் பள்ளித் தேர்வு வாரியங்கள் இப்போது பெரும்பாலும் ‘ஸ்பெசிஃபிகேஷன்’ என்கின்றன. கேம்பிரிட்ஜ் சர்வதேசத் தேர்வுகளில் மட்டும் பழைய சொல் நிலைத்திருக்கிறது, அதற்கு நான்கு இலக்க எண்ணும் உண்டு. ஐஜிசிஎஸ்இ கணிதம் 0580 என்பது அத்தகைய ஓர் எண்தான்.

இதோடு ஒட்டிய குழப்பம் ‘கோர்ஸ்’ என்ற சொல்லில் இருக்கிறது. நாம் மூன்றாண்டுப் பட்டப்படிப்பு முழுவதையும் கோர்ஸ் என்போம். அதனுள் இருக்கும் தனிப் பாடத்தைப் ‘பேப்பர்’ என்போம். அமெரிக்காவில் முழுப் படிப்பு ‘புரோகிராம்’, தனிப் பாடம் ‘கோர்ஸ்’, பேப்பர் என்பது மாணவர் எழுதித் தரும் கட்டுரை. ‘இந்தப் பருவத்தில் நான்கு பேப்பர் இருக்கிறது’ என்று நீங்கள் ஆங்கிலத்தில் சொன்னால் நான்கு ஆய்வுக் கட்டுரைகள் எழுதப் போகிறீர்கள் என்று உங்கள் அறைத்தோழர் இரக்கப்படுவார். ‘டேக்’ என்ற வினையோடு ‘நான்கு கோர்ஸ்’ என்று சொல்லுங்கள்: ‘ஐ ஆம் டேக்கிங் ஃபோர் கோர்ஸஸ்’.

உருவாக்குபவர்களின் வினைகளை விரைவாகவே சொல்லிவிடலாம், ஏனெனில் மாணவராகிய உங்களுக்கு அவை அதிகம் தேவைப்படா. இந்திய ஆங்கிலத்தில் பாடத்திட்டத்தை ‘ஃபிரேம்’ செய்கிறோம். விதிகளை ‘ஃபிரேம்’ செய்வது என்ற சட்ட நடையின் தொடர்ச்சி அது என்றே எனக்குத் தோன்றுகிறது. பிரிட்டிஷ் நடையில் ‘டிரா அப்’, கல்வியியலில் ‘டிசைன்’, பேராசிரியர் தம் பாடத்துக்கு உட்கார்ந்து எழுதும்போது வெறும் ‘ரைட்’ அல்லது ‘புட் டுகெதர்’. குழு அதை ‘அப்ரூவ்’ செய்யும், ‘அடாப்ட்’ செய்யும், அதாவது ஏற்றுக்கொள்ளும், சில ஆண்டுகள் கழித்து ‘ரிவைஸ்’ அல்லது ‘அப்டேட்’ செய்யும். நூல்களைப் பொறுத்தவரை நாம் ‘பிரிஸ்கிரைப்ட் டெக்ஸ்ட்’ என்போம், பிரிட்டனில் ‘செட் டெக்ஸ்ட்’, அமெரிக்காவில் ‘ரிக்வயர்டு டெக்ஸ்ட்’ அல்லது ‘ரிக்வயர்டு ரீடிங்’. நம் பள்ளிகளில் துணைப்பாடத்துக்கு வழங்கும் ‘நான்-டீடெய்ல்’ என்ற அருமையான சொல்லை விமான நிலையத்திலேயே விட்டுச் செல்லுங்கள். அது அங்கே யாருக்கும் புரியாது.

ஆசிரியர் கைக்கு வந்தபின் நடப்பதே நெருங்கிப் பார்க்க வேண்டியது. நாம் தமிழில் பாடத்தை முடிக்கிறோம். ‘சிலபஸ் முடிச்சாச்சா’ என்பது கல்லூரி ஆசிரியர் அறைகளில் மார்ச் மாதத்தின் முதன்மையான கேள்வி. இதை அப்படியே பெயர்த்தால் ‘ஃபினிஷ்’, ‘கம்ப்ளீட்’ என்று வரும். இரண்டும் பிழையில்லை, இந்தியாவில் இரண்டும் நன்றாகவே வழங்குகின்றன. ஆனால் இந்தப் பெயர்ச்சொல்லோடு நாள்தோறும் வரும் வினை ‘கவர்’. ஒரு பரப்பைக் கடந்து செல்லுதல் என்ற கருத்து அதனுள் இருக்கிறது. ஆகவேதான் அது ஆசிரியர், பாடம், நூல், தேர்வு ஆகிய நான்கையும் எழுவாயாக ஏற்கும். ஆசிரியர் மூன்று அதிகாரங்களைக் கவர் செய்தார். இந்தப் பாடம் புள்ளியியலின் அடிப்படைகளைக் கவர் செய்கிறது. தேர்வு முதல் ஐந்து வாரங்களைக் கவர் செய்யும். ‘கம்ப்ளீட்’ என்ற வினைக்கு இவ்வளவு எழுவாய்கள் பொருந்தா. ஆழமாக நடத்தினால் ‘கவர் இன் டெப்த்’, மேலோட்டமாகத் தொட்டுச் சென்றால் ‘டச் ஆன்’, நேரமில்லாமல் அள்ளித் தெளித்தால் ‘ரஷ் த்ரூ’, எப்படியோ கரை சேர்த்தால் ‘கெட் த்ரூ’. பின்தங்கினால் ‘ஃபால் பிஹைண்ட்’.

‘கவர்’ என்பதோடு ‘அப்’ என்பதைச் சேர்த்துவிடாதீர்கள். விடுபட்ட பகுதிகளைச் சனிக்கிழமை வகுப்பில் ஈடுகட்டியதைத் தெரிவிக்க, ‘எல்லா வகுப்புகளிலும் சிலபஸ் கவர்ட் அப்’ என்று எழுதிய துறை அறிக்கைகளை நான் திருத்தியிருக்கிறேன். ‘கவர் அப்’ என்றால் குற்றத்தை மூடி மறைத்தல். அந்த அறிக்கையைப் படிக்கும் ஆங்கிலேயர், துறையில் ஏதோ முறைகேடு நடந்து அதை எல்லா ஆசிரியர்களும் சேர்ந்து மறைத்திருக்கிறார்கள் என்றே நினைப்பார். ஈடுகட்டுவதற்கு வேண்டிய சொல் ‘கேட்ச் அப்’. விடுபட்ட வகுப்பை ஈடுசெய்ய ஆசிரியர் நடத்துவது ‘மேக்-அப் கிளாஸ்’.

இனி ‘போர்ஷன்’. இது இல்லாமல் நம் பிள்ளைகள் ஒரு நாளும் தேர்வு எழுதியதில்லை. போர்ஷன் என்ன, போர்ஷன் முடிந்ததா, போர்ஷன் அதிகமா என்று பள்ளி முழுவதும் புழங்கும் சொல். ஆங்கிலத்தில் அதன் பொருள் பங்கு அல்லது கூறு. தனியாக நின்றால் உணவு விடுதியில் ஒருவருக்கு வைக்கும் அளவு. என் பழைய மாணவர் ஒருவர் அங்கே சென்ற முதல் மாதத்தில், இடைப்பருவத் தேர்வுக்கான போர்ஷன்களை அன்புகூர்ந்து அனுப்புமாறு பேராசிரியருக்கு எழுதினார். ‘போர்ஷன்ஸ் ஆஃப் வாட்?’ என்று மூன்றே சொற்களில் விடை வந்தது. மாணவர் பதறிப்போய் எனக்கு அழைத்தார். நான் சொன்ன திருத்தம் இதுதான்: ‘வாட் வில் த மிட்டெர்ம் கவர்?’ அதே ‘கவர்’. இன்னும் பணிவாகக் கேட்க வேண்டுமானால், தேர்வு எதைக் கவர் செய்யும் என்று சொல்ல இயலுமா என ‘குட் யூ டெல் மீ’ என்று தொடங்கலாம். அதற்கும் முன்பாக அந்த விவரம் ஏற்கெனவே பாடத்திட்ட ஆவணத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ‘இட்ஸ் இன் த சிலபஸ்’ என்பது அமெரிக்கப் பேராசிரியர்கள் பனியனிலும் காப்பிக் குவளையிலும் அச்சடித்து வைத்திருக்கும் வாசகம். அத்தனை முறை அவர்களுக்கு அதைச் சொல்ல நேர்கிறது.

அந்த வாசகத்தில் வந்த ‘இன்’ என்ற முன்னிடைச்சொல்லைக் கவனியுங்கள். ஆவணத்துக்குள் எழுதப்பட்டிருக்கிறது என்னும்போது ‘இன் த சிலபஸ்’ பொருந்தும். தாமத அபராதம் எவ்வளவு என்பது ‘இன் த சிலபஸ்’. படிக்க வேண்டியவற்றின் வரிசையில் ஒன்றாக இடம்பெற்றிருக்கிறது என்னும்போது ‘ஆன் த சிலபஸ்’ என்பதே பெருவழக்கு. இந்த ஆண்டு எந்த நாடகம் வைத்திருக்கிறார்கள் என்றால் இன்ன நாடகம் ‘ஆன் த சிலபஸ்’. நாம் இரண்டுக்கும் ‘இன்’ என்றே சொல்கிறோம், தமிழில் இரண்டுக்கும் ‘பாடத்திட்டத்தில்’ என்ற ஒரே வேற்றுமைதான் என்பதால். புரிதலுக்கு இதனால் தடையேதும் இல்லை. பழகினால் நடை சீர்படும். ‘அவுட் ஆஃப் சிலபஸ்’ என்பது நம் நாட்டில் வேரூன்றிவிட்ட தொடர், கல்யாணப் பேச்சிலும் அரசியல் மேடையிலும்கூட உவமையாக வந்துவிட்டது. இந்திய ஆங்கிலத்தில் அதைப் பிழை என்று நான் அடிக்கமாட்டேன். வெளிநாட்டில் அந்தக் கேள்வி ‘வாஸ் நாட் ஆன் த சிலபஸ்’ என்றோ, முறையான முறையீட்டில் ‘அவுட்சைட் த சிலபஸ்’ என்றோ எழுதுங்கள்.

விவாதித்தல் என்ற வினையிலும் நம் வேற்றுமை உருபு குறுக்கிடும். பாடத்திட்டத்தைப் பற்றி விவாதித்தோம் என்று தமிழில் சொல்வதால் ‘டிஸ்கஸ்’ என்பதன் பின் ‘அபவுட்’ தானாக வந்து விழுகிறது. ‘டிஸ்கஸ் த சிலபஸ்’ என்றாலே போதும். ‘டாக்’ என்ற வினைக்குத்தான் ‘அபவுட்’ வேண்டும். அதேபோல பாடத்திட்டம் ஐந்து அலகுகளைக் கொண்டது என்பதைக் ‘கன்சிஸ்ட்ஸ் ஆஃப்’ எனலாம், அல்லது ‘கம்ப்ரைஸஸ்’ எனலாம். பின்னதோடு ‘ஆஃப்’ சேர்ப்பதை அவர்களில் பலரே செய்கிறார்கள் என்றாலும், கவனமாக எழுதுவோர் தவிர்க்கிறார்கள்.

அடைமொழிகளில் நம் பிள்ளைகளின் செல்லச் சொல் ‘வாஸ்ட்’. கடலையும் பாலையையும் வருணிக்கும் அந்தச் சொல் பாடத்திட்டத்துக்குச் சற்றுப் பெரிய சட்டை. சுமையைக் குறை சொல்ல வேண்டுமானால் ‘ஹெவி’, ‘ஓவர்லோடட்’, ‘பேக்ட்’ என்பவை பொருந்தும். பரப்பைப் பாராட்ட வேண்டுமானால் ‘பிராட்’ அல்லது ‘வைட்-ரேஞ்சிங்’. பெருந்தொற்றுக் காலத்தில் நமக்கு இன்னொரு வரிசை பழக்கமாயிற்று. 2020 ஜூலையில் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான பாடத்திட்டத்தை 30 விழுக்காடு வரை குறைத்தபோது ‘ரெடியூஸ்டு சிலபஸ்’ வீட்டுச் சொல்லாயிற்று; அதன்பின் என்சிஇஆர்டி நூல்களிலிருந்து பகுதிகள் நீக்கப்பட்டபோது ‘ரேஷனலைஸ்டு’ என்ற சொல் வந்தது. வெட்டியதை வெட்டியதாகச் சொல்லாமல் சீராக்கியதாகச் சொல்லும் அலுவலக நாசூக்கு அதில் தெரிகிறது. பேச்சில் ‘கட்’ என்றோ ‘டிரிம்’ என்றோ சொல்வார்கள்.

கல்வியியல் துறைக்குள் சென்றால் அடைமொழி ஒரு கொள்கையையே குறிக்கும். ‘ஸ்ட்ரக்சுரல் சிலபஸ்’ என்றால் இலக்கண அமைப்புகளை அடுக்கிய திட்டம். பேசுவோர் தெரிவிக்க விரும்பும் கருத்துகளை அடுக்கிய ‘நோஷனல் சிலபஸ்’ என்பதை 1970களில் மொழியியலாளர் டேவிட் வில்கின்ஸ் முன்வைத்தார். ‘புரொசீஜரல் சிலபஸ்’ என்பது 1979 முதல் 1984 வரை என். எஸ். பிரபு தென்னிந்தியப் பள்ளிகளில் நடத்திய, பெங்களூர்த் திட்டம் என்று உலகெங்கும் அறியப்பட்ட முயற்சியிலிருந்து வந்தது. இலக்கணத்தை வரிசைப்படுத்தாமல், மாணவர் செய்ய வேண்டிய பணிகளை வரிசைப்படுத்திய திட்டம் அது. பிரபு அப்போது சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றினார். மொழி கற்பித்தலைப் பற்றி எந்த நாட்டில் படித்தாலும் இந்த மூன்று அடைமொழிகளும் எதிர்ப்படும். உங்கள் துறைக்கு அவை தேவையில்லை. சொல்லாமல் விட மனம் வரவில்லை.

மாணவர் கையில் வரும்போது மிகுந்த எச்சரிக்கை வேண்டிய வினை ‘ரிவைஸ்’. நாம் பிரிட்டிஷ் வழக்கைப் பின்பற்றித் தேர்வுக்குத் திருப்பிப் படிப்பதை ‘ரிவிஷன்’ என்கிறோம். அமெரிக்கருக்கு ‘ரிவைஸ்’ என்றால் திருத்தி எழுதுதல் மட்டுமே. ‘நான் சிலபஸ் முழுவதையும் இருமுறை ரிவைஸ் செய்துவிட்டேன்’ என்று நீங்கள் எழுதினால், பேராசிரியர் எழுதிய ஆவணத்தை ஒரு மாணவர் இரண்டு முறை மாற்றி எழுதிவிட்டார் என்று பொருள்படும். அங்கே சொல்ல வேண்டியது ‘ரிவ்யூ’, அதுவும் பாடக்குறிப்புகளை, அல்லது படித்த பகுதிகளை, சிலபஸை அன்று. ஆவணத்தை ஒருமுறை கண்ணோட்டம் விடுவது ‘கோ ஓவர்’, ஐயம் வந்தால் எடுத்துப் பார்ப்பது ‘செக்’ அல்லது ‘கன்சல்ட்’. முதல் வாரத்தில் ஆவணத்தை வாசித்து விளக்குவதைத் தவிர வேறொன்றும் நடவாததால் அந்த வாரத்துக்கே ‘சிலபஸ் வீக்’ என்று பெயர் உண்டு; ஆவணத்தைப் படித்தீர்களா என்று பார்க்கச் சிலர் ‘சிலபஸ் குவிஸ்’ வைப்பதும் உண்டு.

தேர்வுச் சொற்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாம் தேர்வு எழுதுகிறோம், ஆகவே ‘ரைட்’ என்கிறோம். இந்தி பேசுவோர் தேர்வு கொடுக்கிறார்கள், ஆகவே ‘கிவ்’ என்கிறார்கள். அமெரிக்காவில் மாணவர் ‘டேக்’ செய்வார், ஆசிரியர்தான் ‘கிவ்’ செய்வார். ஆகவே பின்னதை நீங்கள் சொன்னால் ஆசிரியராகிவிடுவீர்கள். ‘வெயிட்டேஜ்’ என்பதற்கு ‘கவுண்ட்ஸ் ஃபார்’ என்று வினையாகவே சொல்லலாம்: இறுதித் தேர்வு நாற்பது விழுக்காட்டுக்குக் ‘கவுண்ட்ஸ் ஃபார்’. பத்து மதிப்பெண் வினா அங்கே ‘இஸ் வர்த் டென் பாயிண்ட்ஸ்’. ‘அரியர்’ என்பதை வாய் தவறியும் சொல்லாதீர்கள். அது கட்டாமல் விட்ட வாடகையைக் குறிக்கும். தோற்ற பாடத்தை மீண்டும் படிப்பது ‘ரீடேக்’.

அமெரிக்க ஆவணத்தின் உள்ளே உங்களை ஏமாற்றக்கூடிய தொடர் ‘ஆஃபிஸ் அவர்ஸ்’. நம் காதுக்கு அது பத்து மணி முதல் ஐந்தே முக்கால் வரையிலான அலுவலக நேரம். அங்கே அது, மாணவர்கள் முன்பதிவின்றி வந்து ஐயம் கேட்பதற்காகப் பேராசிரியர் தம் அறையில் இருக்கும், வாரத்தில் ஓரிரு மணி நேரம். பேராசிரியர் அதை ‘ஹோல்ட்’ செய்வார், நீங்கள் அதற்குக் ‘கோ டு’ அல்லது ‘கம் டு’. தொந்தரவு செய்யக் கூடாத நேரம் என்று தவறாக எண்ணிப் பருவம் முழுவதும் அந்தப் பக்கமே போகாத நம் மாணவர்கள் உண்டு. ஒப்படைப்புகள் வெள்ளியன்று ‘டியூ’. அதை ‘டர்ன் இன்’ அல்லது ‘சப்மிட்’ செய்வீர்கள். கெடுவை ‘மீட்’ செய்வீர்கள் அல்லது ‘மிஸ்’ செய்வீர்கள். கூடுதல் அவகாசத்தை ‘ஆஸ்க் ஃபார் அன் எக்ஸ்டென்ஷன்’ என்று கேட்பீர்கள். ஆவணத்தின் அடியில் பெரும்பாலும் ‘சப்ஜெக்ட் டு சேஞ்ச்’ என்றிருக்கும். அதற்குப் பாடத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று பொருளில்லை. மாற்றும் உரிமை பேராசிரியருடையது.

பன்மைக்கு வருகிறேன். இந்தச் சொல்லின் பிறப்பே ஒரு பிழை. கிமு 56இல் ரோமானியப் பேச்சாளர் சிசரோ தம் நண்பர் அட்டிக்கஸுக்கு எழுதிய கடிதத்தில், நூல் சுருள்களில் ஒட்டும் தோல் பெயர்ச்சீட்டைக் குறிக்கும் ‘சிட்டிபா’ என்ற கிரேக்கச் சொல் வருகிறது. பதினைந்தாம் நூற்றாண்டில் அந்தக் கடிதங்களை அச்சிட்டவர்கள் அதைச் ‘சில்லபோஸ்’ என்று பிழையாக அச்சிட, அதிலிருந்து சிலபஸ் என்றொரு இலத்தீன் சொல் இருந்ததாகக் கற்பிதமாகி, பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கும் வந்துவிட்டது. இலத்தீனில் இல்லாத சொல்லுக்கு இலத்தீன் பன்மை எதற்கு என்று வாதிடுவோர் ‘சிலபஸஸ்’ என்கிறார்கள், பிரிட்டனில் அதுவே மிகுதி. அமெரிக்காவில் ‘சிலபை’ ஊன்றிவிட்டது. இரண்டையும் அகராதிகள் ஏற்கின்றன. நீங்கள் போகுமிடத்தை ஒட்டிச் ‘சிலபை’ என்றே எழுதுங்கள், ஆனால் ஒரே கடிதத்தில் இரண்டையும் கலக்காதீர்கள்.